கரும்பலகையில் ஒரு வாக்கியம்

முந்தின நாள் வீட்டில் நடந்ததைப் பிள்ளைகள் கரும்பலகையில் ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். ரோஸ்லின் டீச்சர் பிழை திருத்தி, வகுப்பையே படிக்க வைப்பாள். அன்று மூன்றாம் வகுப்புச் செவ்வந்தி எழுதினாள்: "நேத்துலேருந்து எங்கம்மா எந்திரிக்கல."

டீச்சர் ஒவ்வொரு சொல்லாக அழித்துத் திருத்தினாள். "நேற்றிலிருந்து என் அம்மா எழுந்திருக்கவில்லை. எங்க, எல்லாரும் சத்தமா!"

பிள்ளைகள் ராகம் போட்டுப் படித்தார்கள். செவ்வந்தியின் குரல்தான் உரக்கக் கேட்டது. இரண்டாம் முறை படிக்கையில்தான், தான் திருத்தியது என்னவென்று டீச்சருக்கு உறைத்தது.

"போதும், நிறுத்துங்க!" என்று கத்தியபடி செவ்வந்தியின் அருகில் மண்டியிட்டாள். "அம்மாவுக்கு என்னம்மா ஆச்சு?"

"தெரியல டீச்சர். கூப்பிட்டா பேச மாட்டேங்குது."

"வீட்ல வேற யாருமில்லையா?"

"இல்ல டீச்சர்."

"வந்ததுமே ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

செவ்வந்தி பலகையைப் பார்த்தாள். "அதான் எழுதினேனே டீச்சர்."

ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்படி பக்கத்து வகுப்பில் கத்திவிட்டு, செவ்வந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவள் வீட்டு வாசலுக்கு வந்ததும் டீச்சர் நின்றுவிட்டாள். செவ்வந்தி கையை விடுவித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"அம்மா, எங்க டீச்சர் வந்திருக்காங்கம்மா."