ஏழு நாளில் முளைக்காதவை

இடுக்கியில் பிடித்திருந்த விதையைக் குப்பை டப்பாவில் போடப்போன கை அப்படியே நின்றுவிட்டது.

ஈரத்தாள் விரித்த தட்டில் நூறு முள்செடி விதைகள். தொண்ணூற்றாறு முளைத்துவிட்டன. நான்கு மட்டும் கும்பகர்ணத் தூக்கம்.

ஏழு நாளில் முளைக்காதது செத்த விதை. அந்த விதியைப் பத்தொன்பது வருடமாக இம்மி பிசகாமல் காத்துவந்தவள் அவள். விதைக்கூடத்தில் அவளுக்குக் ‘கறார் அக்கா’ என்றே பெயர்.

முளைத்தவற்றை மட்டும் தோட்டத்தில் நட்டு, அவற்றிலிருந்து அடுத்த வருட விதையை எடுப்பார்கள். போன கோடையில் மலைச்சரிவு தீப்பிடித்து மொட்டையானபோது, இருப்பிலிருந்த அத்தனை மூட்டையும் அங்கேதான் போனது. அந்த முள்செடியின் வேர் பிடித்தால்தான் சரிவில் மண் நிற்கும். அடிவாரத்தில் அவள் தங்கையின் வீடு. தங்கைக்கு இரண்டு சிறுபிள்ளைகள்.

சற்றுமுன் தங்கை போனில் அழுதாள்.

“அக்கா, பருவம் தப்பி ஒரு மழை பெஞ்சுதுல்ல, அதுல மொத்தமும் ஒண்ணா முளைச்சு, அப்புறம் அடிச்ச வெயில்ல மொத்தமும் கருகிப்போச்சு. இனி பெருமழை வந்தா மண்ணு எங்க தலைமேலதான்.”

மொத்தமுமா?

முன்பெல்லாம் அப்படி நடந்ததில்லை. பாதி விதை முதல் மழையில் ஏமாந்து முளைக்கும். மீதி இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும், அடுத்த மழைக்குத்தான் கண் விழிக்கும். ஒரே செடியில் காய்த்தாலும் ஒன்றின் சுபாவம் இன்னொன்றுக்கு இராது.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தட்டுக்கு நாற்பது முளைக்காது. வருடாவருடம் குறைந்து நாலுக்கு வந்துவிட்டது. மேலதிகாரி கைகுலுக்கிப் பாராட்டினார். அவளும் பூரித்துப்போனாள்.

தூங்குமூஞ்சிகளைப் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தது இந்தக் கைதானே? மிஞ்சியதெல்லாம் அவசரக்குடுக்கைகள்.

எறிந்தவை பின்சுவரோரம், தகரம் போட்டு மூடிய குழியில் கிடக்கின்றன. எழுந்து ஓடினாள்.

நாலு எட்டு வைப்பதற்குள் சட்டென்று நின்றாள்.

கழித்த விதை கண்ட இடத்தில் முளைத்துவிடக் கூடாது, கொதிநீரில் போட்டெடுத்துத்தான் குழியில் கொட்ட வேண்டும். அந்த விதி அவளே போட்டது.

கொதிக்கவைப்பது துப்புரவுக்காரரின் வேலை. எதைச் சொன்னாலும் நாளைக்கு, நாளைக்கு என்பதால் அவர் எல்லோருக்கும் ‘நாளைக்கு அண்ணன்’. பொய் சொல்லும்போது பின்கழுத்தைச் சொறிவார். அதை வைத்தே எத்தனையோ முறை கையும் களவுமாகப் பிடித்து வறுத்தெடுத்திருக்கிறாள்.

வராந்தாவில் துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

“அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இத்தனை வருஷமும் அந்த விதையெல்லாம் கொதிக்க வெச்சுத்தான் கொட்டுனீங்களா?”

அவர் முகம் வெளிறியது. வேலை போயிற்று என்றே நினைத்திருப்பார்.

“சத்தியமா மேடம். ஒரு நாள்கூடத் தவறினதில்ல.”

கடவுளே, இந்த மனுஷன் சொல்வது பொய்யாக இருக்கட்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்தாள்.

கை துடைப்பத்தை விட்டது. தயங்கித் தயங்கிப் பின்கழுத்துக்குப் போனது.