வாசம் தின்னும் கரி

“சாட்சிகள் எல்லாரும் வந்தாச்சா? சர்க்கார் காவலாள் சுருளி, ஆஜர். என் சம்சாரம் ராமுத்தாய், ஆஜர். மாமனார் ஜக்கையன்... மாமா, ஆஜர்னு சொல்லுங்க!”

மூலையில் கரி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஜக்கையன் தலையை மட்டும் ஆட்டினார்.

பால்சாமி சென்னைப் பட்டணத்தில் ரசாயனம் படித்தவன். வாசனையை உறிஞ்சும் கரி ஒன்றைக் கண்டுபிடித்தே தீருவது என்று போடிமெட்டில் ஒரு கொட்டகையில் ஏழு வருடமாக எதையாவது எரித்துக்கொண்டிருந்தான். சிரட்டை, புளியங்கொட்டை, மாட்டெலும்பு. போன மாதம் ராமுத்தாயின் சீதனக் கட்டில். கொட்டகை மாமனார் கொடுத்தது. மீந்த கரியை வாராவாரம் தன் பொதிமாடுகளில் ஏற்றி, மலையிறக்கி, போடியில் தள்ளிவிடுவதும் அவர்தான். மருமகன் மேல் அவ்வளவு பிரியம்.

ராமுத்தாய்க்கு அந்தப் பிரியம் இல்லை. “இதுதான் கடைசிக் கரி. தோத்தா, நாளையிலருந்து எங்கய்யா கடையில தராசு பிடிக்கணும். பேச்சு மாறக் கூடாது.”

“மாற மாட்டேன்.”

மலை ஏலக்காய் முழுக்கத் திருவிதாங்கூர் சர்க்காருக்குச் சொந்தமாக இருந்த காலம் அது. கடத்துகிறவனை மெட்டுச் சுங்கச் சாவடியில் மோப்பம் பிடித்தே அமுக்குகிறவன் சுருளி. அந்த மூக்கையே ஏமாற்றினால்தான் கரி. அவனை மட்டும் கூப்பிட வேண்டாம் என்று ஜக்கையன் காலையிலிருந்து முட்டிப் பார்த்தார். பால்சாமி கேட்கவில்லை.

கரிக்கு நடுவே ஏலக்காய் புதைத்த பெட்டியை நீட்டினான். சுருளி மூக்கை வைத்து இழுத்தான். ஜக்கையனுக்கு முகம் சிவந்தது.

“வாசம் இல்ல சாமி.”

பால்சாமி துள்ளிக் குதித்தான். ஆனால் படித்த படிப்பு விடவில்லை. முறையான சோதனை என்றால் வெறும் ஏலக்காயையும் முகர வைக்க வேண்டும். ஒரு கை அள்ளி, நசுக்கி நீட்டினான்.

“இதுலயும் வாசம் இல்ல.”

“வெறும் ஏலக்காய்யா இது!”

சுருளி தலையைச் சொறிந்தான். “வெளிய சொல்லிராதீக சாமி. அம்மை போட்டப்பவே மூக்கு செத்துப்போச்சு.”

“அப்ப அத்தனை பேரை எப்படிடா பிடிச்சே?”

“நான் மூக்க நீட்டுனா சரக்கு வச்சிருக்கவன் மூச்ச அடக்கிருவான். மத்தவன் அவன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கிட்டு நிப்பான்.” சுருளி மெல்லத் திரும்பினான். “முதலாளி, நீங்க கொஞ்சம் மூச்சு விடுங்க. செத்துக்கித்துப் போயிராதீக.”

ஜக்கையன் புஸ்ஸென்று மூச்சு விட்டார்.

“கரிதானேன்னு உங்ககிட்ட மட்டும் இத்தனை நாள் மூக்க நீட்டாம விட்டுட்டேன்,” என்று சுருளி அவரை எழுப்பி மூட்டையைக் கிழித்தான். மேலே நாலு விரல் கனத்துக்குக் கரி. கீழே முழுக்கப் பச்சைப் பசேலென்று ஏலக்காய். அடுத்த மூட்டையிலும் அதே கதைதான்.

“அய்யா!” என்று அலறினாள் ராமுத்தாய்.

பால்சாமி மாமனாரைப் பார்க்கவே இல்லை. பிரிக்காத மூட்டை ஒன்றைக் கட்டிப்பிடித்து மூக்கைத் தேய்த்தான். “இல்ல! வாசமே இல்ல! ராமுத்தாயி, நீ மோந்து பாரு!”

அவள் முகர்ந்தாள். “கரி நாத்தம்தான் வருது.”

“கேட்டியா சுருளி? வாராவாரம் உன் சாவடி வழியாத்தான் போயிருக்கு! போடிச் சந்தையில ஒரு மூக்குக்கும் எட்டல! எல்லாம் என் கரி!”

“அப்ப மூட்டை உங்களுதா சாமி?”

“என்னுதேதான்! ஏழு வருச உழைப்பு!”

ஜக்கையனுக்கு இப்போது மூச்சு சீராக வந்தது. “மாப்ளே வாயாலயே சொல்லிட்டாரு சுருளி. நான் சும்மா உக்காந்திருந்தேன்.”

சாவடி வரைக்கும் பால்சாமி சிரித்துக்கொண்டே நடந்தான். வாசலில் ராமுத்தாயிடம், “ஜெயிச்சிட்டேன்ல?” என்றான்.

“ஜெயிச்சிட்டீங்க. இனிமே நீங்க கடைக்கு வர வேண்டாம்.”

“சுருளி, என் கரி ஒரு பொட்டு வாசம் விடலன்னு துரைமார் முன்னால சாட்சி சொல்லுவேல்ல?”

“கட்டாயம் சொல்றேன் சாமி,” என்று அவனை உள்ளே விட்டு, கதவைச் சாத்திப் பூட்டினான் சுருளி.