ஒரு டம்ளர் பால்

நீங்கள் எப்போதாவது கடல் செய்திருக்கிறீர்களா?

அவன் செய்தான். கனடாவில், கால்கரியில், ஏழாவது மாடியில், சாப்பாட்டு மேசை இருக்க வேண்டிய இடத்தில்.

குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலிருக்கும் மருந்து எல்லாவற்றையும் கொன்றுவிடும். வடிகட்டிய தண்ணீரில் பெட்டி உப்பைக் கொட்டி, நன்றாகச் சுழலவிட்டு, அளந்து பார்த்து, பிறகுதான் கண்ணாடித் தொட்டியில் ஊற்ற வேண்டும். கடலிலிருந்து எடுத்த பாறைகளை அடுக்க வேண்டும். அவற்றின் துளைகளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. அழுக்கைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுவது அவைதான். அவை பெருகும்வரை மீன் விடக் கூடாது.

வாரக்கணக்கில் வெறும் கல்.

அவன் மணப்பாறைக்காரன். அவளைப் பெண் கேட்டு நாகப்பட்டினம் போனபோதுதான் கடலையே முதலில் பார்த்தான். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. சத்தமே இல்லாமல் எப்படித் தூங்குவது என்றாள்.

அதனால்தான் தொடங்கினான்.

அவளுக்கு முதலில் சிரிப்பு.

"உப்ப வெலைக்கு வாங்கிக் கடல் பண்றீங்க. எங்கப்பா கேட்டா மீன்புடி போட்ட வித்துட்டு உங்ககிட்ட வேலைக்கு வந்துருவாரு. இதுல கல்லுக்கு ஹீட்டர் வேற!"

பிறகு அவளும் அந்தக் கல்லைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நவம்பரில் தண்ணீர் பக்குவப்பட்டது. இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. விரல் நீளம்கூட இல்லை. கூடவே ஒரு துண்டுப் பவளம். விளக்கைப் போட்டால் விரியும். அணைத்தால் சுருங்கும்.

தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரின் சத்தத்தில் அவள் தூங்கினாள்.

டிசம்பர் வந்தது.

சுனாமியில் அவளுடைய தம்பி போய்விட்டான். மதியழகன். ஐந்து வயது. உடல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு டிசம்பர் இருபத்தாறும் காலையில் கரையில் நின்று கடலில் பால் ஊற்றுவாள், பூ விடுவாள். ஊரே ஊற்றும். ஒரு வருடமும் அவள் தவறவிட்டதில்லை.

இந்த வருடம் வான்கூவர் போவதாக இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கடல். அவன் விடுப்பு எடுத்திருந்தான். வண்டிக்குப் பனி டயர் மாட்டியிருந்தான்.

முந்தைய நாள் மலைப்பாதையில் பனி சரிந்தது. சாலையை மூடிவிட்டார்கள்.

விமானத்தில் இடமில்லை.

ஆறு உறைந்து கிடந்தது. உறையாமல் இருந்தாலும் அவள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். உப்புத் தண்ணீர் வேண்டும். தம்பி போனது உப்புத் தண்ணீரில்.

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். கூந்தலில் ஈரத் துண்டு. கையில் டம்ளர் நிறையப் பால். கடையில் வாங்கிய ரோஜாவைப் பிய்த்துத் தட்டில் போட்டிருந்தாள்.

தொட்டியின் முன்னால் நின்றாள்.

"மூடியத் தொறங்க."

அவனுக்குத் தெரியும். ஒரு டம்ளர் போதும். பால் தண்ணீருக்குள் அழுகும். மீனுக்கு மூச்சு கிடைக்காது. பாறைக்குள் இருப்பவற்றால் அவ்வளவையும் தின்று தீர்க்க முடியாது.

அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த கடலில் எவ்வளவு ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது.

சொல்ல வாயெடுத்தான்.

பிறகு மூடியைத் திறந்தான்.

அவள் இரண்டு கையாலும் ஊற்றினாள். பால் துணி மாதிரி இறங்கியது. மோட்டார் அதை இழுத்துக் கலைத்தது. இதழ்கள் மேலே சுற்றின. தீனி என்று நினைத்து மீன்கள் மேலே வந்தன.

"மதி... அக்கா வந்துட்டேன்டா."

அவ்வளவுதான் சொன்னாள். தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து எழுந்து, பசிக்கிறது என்றாள்.

அவன் சோறு போட்டுக் கொடுத்தான். மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டாள்.

தண்ணீர் மங்கிக்கொண்டே வந்தது.

உடனே பாதித் தண்ணீரை மாற்றினால் மீன் பிழைக்க வழியுண்டு. புதுத் தண்ணீர் மூலையில் தயாராக இருந்தது. அவன் ரப்பர் குழாயையும் வாளியையும் எடுத்துவந்தான்.

"எதுக்குங்க?"

"தண்ணி மாத்தணும்மா. கொஞ்சந்தான்."

"இந்தத் தண்ணிய எங்க ஊத்துவீங்க?"

அவன் சமையலறை சிங்க்கைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். சாப்பிட்ட தட்டுகள் அதில் கிடந்தன. ஓரத்தில் சோற்றுப் பருக்கை.

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. தொட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை மட்டும் வைத்தாள்.

மீன்கள் மேல்மட்டத்திலேயே நின்றன. வாய் திறந்து மூடியது.

அவன் குழாயைச் சுருட்டினான்.

"ஒண்ணும் அவசரமில்ல. நாளைக்குப் பாத்துக்கலாம்."

காலையில் அவள் எழுவதற்குள் செத்த மீன்களை எடுத்து மறைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். போனில் அலாரம் வைத்தான்.

மறுநாள் காலை அவன் எழுந்து வந்தபோது அவள் முன்பே எழுந்திருந்தாள். நைட்டியின் கை தோள்வரை நனைந்திருந்தது. இரண்டு மீன்களையும் துடைத்து, கைக்குட்டையில் சுற்றி, மடியில் வைத்திருந்தாள். வெளியே தரை இறுகி உறைந்திருந்தது. எங்கே புதைக்கலாம் என்று கேட்டாள்.