எட்டு விரல் கதாநாயகன்

“ஏனுங்கக்கா, கதாநாயகனுக்கு ரெண்டு விரல் இல்லைன்னா நல்லாவா இருக்குது? ஆளை மாத்துங்க!” என்று நல்லம்மாள் கத்தினாள்.

எடப்பாடியில் அந்த விசைத்தறிப் பட்டறையில் கரண்ட் போனால்தான் ஒருத்தர் பேச்சு ஒருத்தர் காதில் விழும். தறிகள் நின்றதும் தறிக்கு ஊடை நூலைக் குச்சியில் தாராகச் சுற்றுகிற பெண்களெல்லாம் கதை கேட்கக் கமலவேணியைச் சூழ்ந்துகொள்வார்கள். கதை அவளுடையது, கதாநாயகன் மட்டும் அவர்களுடையவன். சுருட்டை முடி, பெல்பாட்டம் பேண்ட், எலுமிச்சை நிறம் எல்லாம் கேட்டபடி வரும்.

“ஆளை நீங்களே முடிவு பண்றதுன்னா அப்புறம் நான் எதுக்கு?” என்று சலித்துக்கொள்வாள். ஆனாலும் மாற்றிக் கொடுத்துவிடுவாள்.

இன்றைக்கு யாரையும் கேட்காமல் அவளே ஆளைச் சொல்லிவிட்டாள். பூலாம்பட்டியில் பரிசல் ஓட்டுகிறவன். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. முகத்தில் பெரிய மீசை.

பரிசலைத் தவிர மற்றதெல்லாம் அவள் தம்பி கந்தவேல். தறியின் பல்சக்கரத்தில் விரல் போன பிறகு அவன் பஸ் ஸ்டாண்டு நூல் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பட்டறைப் பக்கமே தலைகாட்டுவதில்லை. ஆட்கள் கையை விட்டு முகத்தைப் பார்க்கட்டும் என்றுதான் அந்த மீசையை வளர்த்தான். பார்த்தார்களா? பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் காபித் தம்ளரை வாங்குகிற கையைத்தான் பார்த்தார்கள்.

தினமும் பஸ்ஸில் பட்டறை வேலைக்கு வந்து போகிற சாரதாமணியின் மேல் கமலவேணிக்கு ரொம்ப நாளாக ஒரு கண். தம்பிக்குக் கேட்டு, மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அப்புறம் ஒரே பட்டறையில் எந்த முகத்தோடு பக்கத்தில் உட்காருவது? அதனால்தான் கதையை விட்டு ஆழம் பார்த்தாள்.

“ஆத்துல வெள்ளம் போகுதுங்கறீங்க. விரலில்லாத கையில துடுப்பை எப்படிப் புடிப்பான்? விரலை வச்சுக் குடுங்கக்கா.” நல்லம்மாள் விடுகிறதாக இல்லை.

“எல்லாருக்கும் அதேதானா?” சாரதாமணியின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள் கமலவேணி.

“மிச்சம் எட்டு இருக்குதுல்ல? பரிசல் ஓட்ட எட்டு பத்தாதாக்கும்?” என்றாள் சாரதாமணி, தார்க்குச்சியை உருட்டிக்கொண்டே. “விரலு இருக்கறபடியே இருக்கட்டுங்கக்கா. அந்த மீசையை மட்டும் எடுத்துப் போடுங்க. மூஞ்சியே தெரிய மாட்டேங்குது.”

பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். கமலவேணிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. “செரி சாமி, எடுத்தாச்சு!” என்றாள். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. கதாநாயகன் நடு ஆற்றிலேயே நின்றுபோனான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே கவலை. விரல் கதை முடிந்தது. இனி மீசைக்கு அந்தத் தடியன் சம்மதிக்க வேண்டுமே! தலையே போனாலும் மீசையைத் தொட விடமாட்டானே, பாவி! கெஞ்சிப் பார்க்கலாம். மசியாவிட்டால் அழலாம். அதற்கும் மசியாவிட்டால் சோறு கிடையாது என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

“டேய் கந்தவேலு! உனக்குப் பொண்ணு கெடைச்சிருச்சுடா. ஆனா ஒண்ணு...” என்று கத்திக்கொண்டே வாசலில் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மழமழவென்று வழித்த முகத்தோடு நின்றிருந்த கந்தவேல், மேலுதட்டைத் தடவிக்கொண்டே அசடு வழிந்தான்.

“மத்தியானந்தான் எடுத்தேன்க்கா. தினமும் பஸ் ஏறும்போதெல்லாம் சாரதாமணி இதையேதான் சொல்லீட்டிருந்தா!”