அட்டையில்லாத புத்தகம்

"இந்தப் புத்தகம் பிழை, மேடம்," என்றாள் யதுர்ஷிகா.

கிளிநொச்சி ஆய்வுகூடத்தில் விரிவுரையாளர் ஞானேஸ்வரி நிமிர்ந்தார். "எல்லாரும் அதைப் படிச்சுத்தான் பாஸ் பண்ணினவை."

யதுர்ஷிகா அட்டையில்லாத போட்டோக்கொப்பியைத் தட்டிக் காட்டினாள். "பழ ஈயின்ர முட்டைக்குள்ள தூது ஆர்.என்.ஏ. சும்மா மிதந்துபோய் இடம்சேருமாம். இஞ்சை நுணுக்குக்காட்டிக்குள்ள பாருங்கோ, பச்சையா மினுங்கிற பொட்டுகள்தான் அது. ஒரு பாதையைப் பிடிச்சு ஓடுது. பாதையை மருந்தால உடைச்சன், அப்பிடியே நிண்டிட்டுது. மிதக்கிறதெண்டால் ஏன் நிக்கவேணும்?"

"இதை அறிக்கையில எழுதினால் உமக்குப் புள்ளி வராது."

"வராட்டிப் போகட்டும். நான் கண்டதைத்தான் எழுதுவன். புத்தகம் எழுதின ஆளே வந்து பாக்கட்டும்!"

ஞானேஸ்வரி நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் குனிந்திருந்தார். பிறகு பேனையை எடுத்து, போட்டோக்கொப்பியில் இருந்த அந்தப் பந்தியைக் குறுக்கே வெட்டினார்.

"பாத்திட்டன்," என்றார். "எழுதினது நான்தான்."