செம்மண்ணில் கிடந்த அடையாளம்

லண்டனில், குட்மேய்ஸ் வீட்டின் முன்னறையில் ஜூலை வெயில் தொலைக்காட்சியின் மேல் பாதி விழுந்து கிடக்கிறது. விம்பிள்டன் டென்னிஸ் புல்தரையில் நெதர்லாந்துக்காரி ஃபெம்கே பந்தைத் தூக்கிப் போட்டு அடிக்கிறாள். போன வருடம் உலகத் தரவரிசையில் நூற்று நாற்பதாவது இடத்தில் இருந்தவள், இன்று காலிறுதியில் நிற்கிறாள். அவள் எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் வில்வராசாவின் தாடை இறுகுகிறது.

"உவள் பதின்மூண்டு வயசிலையே கள்ளி."

மகள் ஜதுர்ஷிகா சூப்பர் மார்க்கெட் சீருடையை அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கிறாள். எட்டு வருடத்துக்கு முன் செம்மண் ஆடுகளத்தில் இதே ஃபெம்கேயோடு ஆடியவள். சிறுவர் போட்டியில் நடுவர் கிடையாது. தன் பக்கம் விழும் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று அவரவரே சொல்ல வேண்டும். ஜதுர்ஷிகா அடித்த பந்தை ஃபெம்கே வெளியே என்றாள். வேலிக்குப் பின்னால் நின்ற வில்வராசா உள்ளே பாய்ந்து மகளின் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அன்றைக்கே மட்டை பரணுக்குப் போனது.

"கோட்டிலைதான் விழுந்தது. என்ர கண்ணாலை பாத்தனான்."

"வெளியிலை, அப்பா." அயர்ன் புஸ்ஸென்று ஆவி விடுகிறது. "செம்மண்ணிலை பந்து விழுந்த அடையாளம் கிடந்தது. நான் கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தனான்."

"அப்ப ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"சொன்னனான். காரிலை. நீங்கள் ரேடியோவைக் கூட்டி விட்டனீங்கள்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. வில்வராசாவின் பெருவிரல் ரிமோட்டை அழுத்திச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது.