ஒராளாவது பயப்பட வேணும்

"ஐயோ!" என்று கத்திவிட்டார் தம்பித்துரை அண்ணை. கண் திரையில் குத்திநிற்க, கை கதிரைப் பிடியை இறுக்கியது.

பின்வரிசையில் இருந்த நிலக்ஷனுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. அவன் இயக்கிய விஞ்ஞானத் திகில் குறும்படம் சுவிஸ் எம்மன்புரூக்கே நகர மண்டபத்தில் முதன்முதலாக ஓடிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததுதான் மிச்சம்.

சிரிக்காமல் என்ன செய்யும்? வேற்றுக்கிரகத்து அரக்கனாக வந்தது அவனுடைய மச்சான் சாரங்கன். உடம்பு முழுக்க அலுமினியத் தாள், காதுக்கு இரண்டு இடியப்பத் தட்டு. பூமியை அழிக்க வந்தவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தான். பழக்கதோஷம்.

"ஒராளாவது பயந்தால்தான் அடுத்த படம். இல்லாட்டி கமராவை வித்துப்போடுறன்" என்று காலையில்தான் மனைவி யசோதராவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். அவளும் விளம்பரம் போடக் கமராவைப் படம் எடுத்து வைத்திருந்தாள்.

"தப்பீட்டீங்கள்" என்று இப்போது அவளே காதுக்குள் சொன்னாள்.

பயந்தவரும் லேசுப்பட்ட ஆளில்லை. அவர்கள் குடியிருக்கும் தொடர்மாடியைப் பராமரிக்கும் ஹவுஸ்வார்ட். இரவில் குளிக்கக் கூடாது, ஞாயிறு மெஷின் சத்தம் கூடாது, பல்கனியில் மீன் பொரிக்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லித் திரிபவர். சுவிஸ்காரரே அவரைக் கண்டால் மெதுவாகத்தான் கதைப்பார்கள்.

படத்தின் உச்சக்கட்டத்தை அந்தத் தொடர்மாடியின் நிலக்கீழ் அறையில், எல்லாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் மெஷினடியில் எடுத்திருந்தார்கள். தொழிற்சாலையிலும் துப்புரவிலும் வேலை செய்கிற நடிகர்கள் எல்லாருக்கும் ஒன்றாக லீவு கிடைத்த நாள் அது. அண்ணையும் கூர் நகரில் இருக்கும் மகளிடம் போயிருந்தார். யன்னலால் விடாமல் கேட்ட தேவாலய மணியை நிலக்ஷன் வெட்டவில்லை. சும்மா கிடைத்த பின்னணி இசையை யார் விடுவார்?

திரையில் மெஷின் தானாகச் சுற்றும், பிறகு அதற்குள்ளிருந்து அரக்கன் வருவான். அண்ணையோ அரக்கன் தலை காட்டுமுன்பே கத்திவிட்டார். காட்டாமலே பயமுறுத்துவதுதான் கலை என்று நிலக்ஷன் தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

படம் முடிந்ததும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

"அண்ணை, உண்மையாப் பயந்திட்டீங்களோ?"

"ஓம் தம்பி. இன்னும் நெஞ்சு படபடக்குது."

"எந்த இடத்திலை அண்ணை? சொன்னால் அடுத்த படத்திலையும் வைக்கலாம்."

"அந்த மெஷின் சுத்தேக்கை தேவாலய மணியும் சேர்ந்து அடிச்சுது பாரும், அதோடை என்ரை சீவன் போட்டுது."

"பாத்தியோ?" என்பதுபோல் நிலக்ஷன் யசோதராவைப் பார்த்தான். அவள் கைத்தொலைபேசியை எடுத்துக் கமராவின் படத்தை அழிக்கப் போனாள்.

அண்ணை சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் சுவிஸ்காரர் எவரும் இல்லை என்று கண்டதும் அவன் காதருகே குனிந்தார்.

"ஞாயிற்றுக்கிழமையிலையோ தம்பி மெஷின் போட்டனீங்கள்?"